பதினெட்டு வருஷமா மரத்துப்போகிற கால்

ஆரணியில் தறியில் உட்காருகிற யாரிடமாவது போய், "உங்களுக்குக் கால் மரத்துப்போகுமா?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். குழித்தறியில் காலைக் கீழே தொங்கவிட்டு, பலகையின் விளிம்பு தொடையை அழுத்த, மணிக்கணக்கில் மிதியை மிதித்துக்கொண்டிருந்தால் கால் மரத்துப்போகாமல் என்ன செய்யும்? எழுந்து நின்று தரையில் மூன்று தட்டுத் தட்டுவோம். எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுவென்று உயிர் வரும். மறுபடியும் இறங்கி உட்காருவோம். எனக்கு மரத்துப்போகாது என்று எவளாவது சொன்னால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும், இவள் நெய்கிறாளா, போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா என்று.

நானும் அப்படித்தான் ஓர் இடத்தில் பெருமையாகச் சொன்னேன். சொன்ன இடம்தான் தப்பு.

எல்லாம் ஆடி மாதத்தில் தொடங்கியது. ஒரு நாள் காலையில் நெய்துவிட்டு எழுந்தேன், வலது கால் மரத்திருந்தது. மூன்று தட்டுத் தட்டினேன், உயிர் வரவில்லை. முப்பது தட்டினேன். என் வீட்டுக்காரர் அடுத்த அறையில் குறுக்கே ஓட்டுகிற ஊடைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தவர், "இன்னாத்துக்கு இப்டி தரையப் போட்டு ஒதைக்கிற? தரை இன்னா பண்ணுச்சு ஒன்ன?" என்று கேட்டார். வெயில், சூடு, உடம்பில் சத்தில்லை என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். கேழ்வரகுக் கூழ் குடித்தேன். அந்தக் காலோடேயே தறியில் இருந்த புடவையை முடித்தும் கொடுத்தேன்.

அந்தப் புடவை திரும்பி வந்தது. எனக்குப் பட்டும் சரிகையும் கொடுத்து வேலை வாங்குகிற முதலாளி, புடவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு சீட்டில் தேதி போட்டு, 'இழை மிதக்கிறது' என்று எழுதி, முந்தானையில் குத்தி, பட்டு விலையைக் கூலியில் கழித்துக்கொள்வதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் பதினெட்டு வருட நெசவில் திரும்பி வந்த முதல் புடவை அது. எனக்கு வந்த கோபத்தில் அவர் கடை வாசலிலேயே நின்று, "கண்ணாடிய மாத்துங்க முதலாளி, எழை மெதக்கல, ஒங்க கண்ணுதான் மெதக்குது" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்த வேகத்தில் புடவையைச் சுருட்டி பீரோவின் அடித்தட்டில் போட்டேன். சீட்டைக்கூடக் கழற்றவில்லை.

பத்து நாளில் மரப்பு முழங்காலைத் தாண்டி இடுப்புவரை ஏறியது. நடந்தால் கால் எங்கே போகிறதென்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. காய்கறி வாங்கப் போனவள் மார்க்கெட் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றே என் வீட்டுக்காரர் என்னை வேலூருக்கு அழைத்துப்போய் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

அங்கே ராத்திரி பகல் என்று இல்லாமல் ஆள் மாற்றி ஆள் வந்து அதே கேள்விகளைக் கேட்டார்கள். ஒரு சின்ன டாக்டர், பாவம், தூக்கக் கண்ணோடு வந்து, "எத்தனை நாளா கால் மரத்துப்போகுது?" என்று கேட்டார். நான் விவரமாகப் பதில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "நாளா? நாங்க நெசவுக்காரங்க சார். தறியில உக்காந்த நாள்லேர்ந்து மரத்துப்போயிகினுதான் கீது. பதினெட்டு வருஷமா!" என்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா "அடேங்கப்பா" என்றார். எனக்கு இன்னும் உற்சாகம். "ரெண்டு காலுமே" என்று சேர்த்துக்கொண்டேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டார்.

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

தலையையும் முதுகையும் படம் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். நான்காம் நாள் பெரிய டாக்டர் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிற அம்மா. நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். என்றார். நரம்பின் மேல் ஓர் உறை இருக்குமாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே புத்தி கெட்டுப்போய் அந்த உறையை அரிக்குமாம். நான் ஒன்றும் புரியாமல் விழித்தேன். என் வீட்டுக்காரர்தான் கேட்டார், "சரிகை உரியற மாதிரிங்களா? உள்ள பட்டு நூலு இருக்கும், மேல சுத்தி இருக்கற வெள்ளி உரிஞ்சி வந்துடும்."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "அதேதான்," என்றார். "ரொம்பச் சரியாச் சொன்னீங்க."

ஐந்து நாள் மருந்து ஏற்றியதில் காலில் முக்கால்வாசி உணர்வு திரும்பியது. ஆனால் இது வந்து போகிற நோய், அடுத்த தடவை காலுக்கு வராமல் கண்ணுக்கு வரலாம், கைக்கு வரலாம் என்றார் டாக்டர். வராமல் தடுக்க ஒரு மருந்து இருக்கிறது. முதலில் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுத்து ஏற்றிக்கொள்ள வேண்டும். "சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லது. தள்ளிப்போடாதீங்க" என்றார். விலையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். ஆனால் எங்களிடம் இன்சூரன்ஸ் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய அண்ணன் வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்ட பிறகு, பயந்துபோய் எடுத்தது. பிரீமியம் கட்டும்போதெல்லாம் நான் முணுமுணுப்பேன். அன்றுதான் வண்டியிலிருந்து விழுந்த அந்த மனுஷனை மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மருந்துச் செலவுக்காக ஆஸ்பத்திரி மூலம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் போட்டோம், புரட்டாசியில் பதில் வந்தது. முதலில் போனில் ஒரு குறுஞ்செய்தி, ஆங்கிலத்தில். அப்புறம் நானே போன் செய்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பாட்டைக் கேள் என்று சொல்லிக் கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது.

"உங்க கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருக்கு மேடம்."

"எதுக்கு?"

"பாலிசி எடுக்கும்போதே இருந்த நோயை மறைச்சிருக்கீங்க மேடம்."

மறைச்சிருக்கீங்க. அந்தச் சொல்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் வாழ்க்கையில் நான் செய்யத் தெரியாத ஒரே வேலை மறைப்பது. என் மாமியாரைக் கேளுங்கள், முதலாளியைக் கேளுங்கள், தெருவையே கேளுங்கள். "யாரு மறைச்சது? எதை மறைச்சது?" என்று கத்தினேன். அந்தப் பெண் பொறுமையாக, உங்கள் ஆஸ்பத்திரிக் காகிதத்திலேயே இருக்கிறது மேடம் என்றாள். அவள் மேல் தப்பில்லை. அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

வேலூருக்குப் போய், ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் வேலை பார்க்கும் அம்மாவிடம் காகிதத்தைக் காட்டினேன். அவர் விரலை வைத்துப் படித்துத் தமிழில் சொன்னார்: "இரண்டு கால்களிலும் மரப்பு, பதினெட்டு வருடமாக."

பதினெட்டு வருடமாக இருக்கிற நோயை, இரண்டு வருடத்துக்கு முன் பாலிசி எடுக்கும்போது சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் நான் திருடி. வாய் ஓயாமல் சொன்னதால் மறைத்தவள் ஆனேன்.

"அது நோயி இல்லம்மா, தறி!" என்றேன்.

"எனக்குப் புரியுதும்மா. அவங்களுக்குப் புரியணுமே," என்றார் அவர். "உங்க டாக்டர்கிட்ட விளக்கக் கடிதம் வாங்கிட்டு வாங்க. மறுபரிசீலனைக்கு அனுப்பலாம். அதுக்கும் ஒத்துக்கலன்னா மேல முறையிட எடம் இருக்கு. மனசு விட்டுடாதீங்க."

டாக்டர் கடிதம் எழுதிக்கொடுத்துவிடுவார் என்றுதான் போனேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்தார். "நீங்க சொன்னதத்தான் அன்னைக்கு எழுதியிருக்காங்க. இன்சூரன்ஸ் மறுத்ததும் வேற மாதிரி சொல்றீங்க. நான் நம்பறேன். ஆனா நம்பிக்கையைக் கடிதமா எழுத முடியாது. இந்த நோய் இந்த ஆடிக்கு முன்னால இல்லைன்னு காட்ட ஏதாவது இருக்கா? பழைய டாக்டர் சீட்டு, எதாவது?"

ஒன்றும் இல்லை. கால் மரத்துப்போனதற்கெல்லாம் எந்த நெசவுக்காரி டாக்டரிடம் போவாள்? பஸ்ஸில் திரும்பும்போது கண்ணமங்கலம் வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வீட்டுக்காரருக்கு அதுவே பயமாகிவிட்டது. "டீ குடிக்கலாமா?" என்று இரண்டு தடவை கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். அடுத்த தடவை கண்ணுக்கு வரலாம் என்று டாக்டர் சொன்னது ஓடிக்கொண்டே இருந்தது. பட்டு இழையைப் பிரித்துப் பார்க்கிற கண் போனால் என்னிடம் என்ன மிச்சம்?

வீட்டுக்கு வந்ததும் கையில் இருந்ததை எல்லாம் காசாக்குவது என்று தீர்மானித்தேன். பீரோவின் அடித்தட்டில் கிடந்த அந்தப் புடவையை எடுத்தேன். பக்கத்துத் தெருவில் ஒருத்தி குறை உள்ள பட்டை மலிவாக வாங்குவாள். எவ்வளவு தேறும் என்று பார்க்க, தரையில் விரித்து, முதலில் இருந்து கையால் தடவிக்கொண்டே வந்தேன். அரக்கு உடல், பச்சைக் கரை. முதல் நாலு முழம் கண்ணாடி மாதிரி இருந்தது. அப்புறம் ஓரிடத்தில் விரலில் ஓர் இழை தட்டியது. அடுத்து ஒன்று. பிறகு நிறைய.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

புடவையின் வெறும் உடல் நெய்யும்போது இரண்டே மிதி. இடது காலுக்கு ஓர் ஊடை, வலது காலுக்கு ஓர் ஊடை, மாறி மாறி வரும். மிதி முழுதாக இறங்காவிட்டால் நெடுக்கே கட்டிய பாவு சரியாகத் திறக்காது. ஊடையை இழுத்துப்போகிற நாடா சில இழைகளுக்கு மேலேயே ஓடிவிடும், அந்த இடத்தில் இழை பிடிப்பில்லாமல் மிதக்கும். இந்தப் புடவையில் ஓர் ஊடை சுத்தம், அடுத்ததில் மிதப்பு. மறுபடி சுத்தம், மறுபடி மிதப்பு. கடைசிவரை அப்படியே.

"ஏங்க, இங்க வாங்க ஜல்தி," என்று கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். குத்தூசியால் ஒவ்வொன்றாக எண்ணினார். நிமிர்ந்தபோது அவர் குரலே மாறியிருந்தது.

"வலது காலு மட்டும்."

"முதலாளி கண்ணு மெதக்கல," என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மறுநாள் முதலாளி கடைக்குப் போனேன். போவதற்கு எனக்குக் கூசத்தான் செய்தது. ஆனால் கூச்சத்தைவிடக் கண் பெரிது. அவர் என்னைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "புதுசு மாத்திட்டேம்மா, நீ சொன்ன மாதிரியே," என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆடிக்கு முன்னால் என் புடவை எதுவும் திரும்பவில்லை என்று ஒரு கடிதம் வேண்டும் என்றேன்.

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடைத் தாளை எடுத்து, தன் கையாலேயே நிதானமாக எழுதினார். இத்தனை வருடங்களாக இவர் நெய்த புடவை ஒன்றுகூடத் திருப்பப்படவில்லை, ஆரணியில் இவ்வளவு பிசிறில்லாத வேலை செய்பவர்கள் சிலரே, இந்தச் சீட்டில் உள்ள தேதியில் வந்த புடவையில்தான் முதல் குறை. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார்.

படித்ததும் எனக்கு மறுபடி கோபம் வந்தது. "பதினெட்டு வருஷமா ஒரு நாளு 'நல்லாகீது'ன்னு ஒங்க வாயில வந்ததில்லையே முதலாளி. இதச் சொல்றதுக்கு எனக்கு நோவு வரணுமா?"

"சொன்னா கூலி ஏத்திக் கேப்ப இல்ல," என்றார். பிறகு, "ஒடம்ப பாத்துக்கம்மா" என்று உள்ளே போய்விட்டார். போகும்போது கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. கண்ணாடி புதுசு, உறுத்தியிருக்கலாம்.

டாக்டர் அறையில் பரிசோதனைக் கட்டிலின் மேல் புடவையை விரித்தோம். அவர் முதலில் கொஞ்சம் திகைத்துத்தான் போனார். என் வீட்டுக்காரர் ஊடை ஊடையாகக் காட்டி விளக்கினார். டாக்டர் தன் போனின் லைட்டைப் போட்டு, கிட்டத்தில் குனிந்து பார்த்தார். "இது இடது. இது வலது. இது இடது," என்று தானே விரல் வைத்து எண்ணினார். பிறகு என்னிடம் திரும்பி, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"பதினெட்டு வருஷமா மரத்துப்போச்சுன்னீங்களே, அது எவ்வளவு நேரம் இருக்கும்?"

"எழுந்து மூணு தட்டு தட்ற வரைக்கும்."

"நடக்கும்போது?"

"நடக்கும்போது எதுக்கு இருக்கும்? ஓடலாம்."

"ஆடியில வந்தது?"

"அது தட்டுனாலும் போவல மேடம். நான் தரையில குழி விழற மாதிரி தட்டிப் பாத்தேன்."

அவர் பேனாவைத் திறந்தார். இந்த முறை மூடவே இல்லை. இரண்டு பக்கம் எழுதினார். தறியில் உட்காருவதால் வருவது உட்கார்ந்த வாட்டத்தால் ஏற்படும் தற்காலிக மரப்பு, நோய் அல்ல. இந்த நோயின் முதல் அறிகுறி, இணைத்துள்ள சீட்டின் தேதியை ஒட்டி, வலது காலில் மட்டும் தொடங்கியது, முதல் நாள் பரிசோதனையிலும் வலது பக்கம்தான் பலவீனம் பதிவாகியிருக்கிறது என்று எனக்குப் படித்துக்காட்டினார். புடவையின் அந்தப் பகுதியைப் போட்டோ எடுத்து அதோடு சேர்த்தார். "இவ்வளவு சுத்தமா தேதி போட்ட கேஸ் ஹிஸ்டரி நான் பார்த்ததில்லை," என்றார். அன்று வார்டில் என்னைக் கேள்வி கேட்ட சின்ன டாக்டரைக் கூப்பிட்டு அவருக்கும் புடவையைக் காட்டினார். அவர் என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டார். "நீங்க எழுதனது தப்பில்ல சார், நான் சொன்னதுதான் அளவில்லாம போச்சு," என்றேன். அதற்கு மேல் பேசாமல் நிறுத்திக்கொண்டேன். நானே என்னை மெச்சிக்கொண்ட நாள் அது.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான். போன் அடித்தால் ஓடுவேன், லோன் வேண்டுமா என்று கேட்பார்கள். ஒரு தடவை கூடுதல் காகிதம் கேட்டார்கள், அனுப்பினோம். இன்னொரு தடவை அதே காகிதத்தைத் திரும்பக் கேட்டார்கள். "இன்னாடா பேஜாரா கீது," என்று என் வீட்டுக்காரரே திட்டினார், அவர் எறும்பையும் வாங்க போங்க என்று பேசுகிறவர். தினமும் காலையில் கண் விழித்ததும் ஒரு கண்ணை மூடி எதிர்ச் சுவரிலுள்ள காலண்டர் தேதியைப் படிப்பேன், பிறகு மற்ற கண். இரண்டும் தெரிந்தால் அன்றைய நாளை ஆரம்பிப்பேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது போன் வந்தது. அதே பெண் குரலா என்று தெரியவில்லை, எனக்கு எல்லாக் குரலும் ஒன்றுதான். "உங்க கோரிக்கை ஏத்துக்கப்பட்டிருக்கு மேடம்," என்றாள். நான் சத்தம் போடவில்லை. "நீ நல்லா இருப்ப தாயே, முந்தி கத்திட்டேன், மனசுல வெச்சிக்காத" என்றேன். அவள் கொஞ்சம் தயங்கி, "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்றாள். அவளுக்கு அதைத்தான் கேட்கச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

முதல் மருந்து ஏற்றப் போன அன்று அந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். மிதக்கிற இழைகள் மடிப்புக்குள் போய்விடும், கட்டினால் யாருக்கும் தெரியாது. ஆறு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. தொண்டை கொஞ்சம் அரித்தது, நர்ஸ் வேகத்தைக் குறைத்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். பதினைந்து நாள் கழித்து இரண்டாவதும் ஆயிற்று.

நோய் போய்விடவில்லை. அதை நான் மறைக்க மாட்டேன். வெயில் ஏறினால் கால் சோர்ந்துவிடும், அதனால் விடிந்ததிலிருந்து ஒன்பது மணிவரைதான் தறி. கழுத்தில் ஈரத்துண்டு. மத்தியானம் கட்டாயத் தூக்கம், முன்பெல்லாம் மத்தியானம் தூங்குகிறவர்களை நான்தான் கேலி செய்வேன். ஒரு புடவை முடிய முன்னைவிட இரட்டிப்பு நாள் ஆகிறது. பாலிசியை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் புதுப்பிக்கிறோம். முணுமுணுப்பதை விட்டுவிட்டேன்.

தை மாதத்தில் ஒரு காலை. மறுபடி தறியில் உட்கார ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கரையில் வேலை நன்றாக வந்துகொண்டிருந்ததால் நேரம் போனதே தெரியவில்லை. எழுந்தேன். வலது கால் இல்லை.

முழங்காலுக்குக் கீழே எதுவுமே இல்லாத மாதிரி இருந்தது. தறிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். மருந்து ஏற்றியும் வந்துவிட்டதா? தட்டிப் பார்க்கவே பயமாக இருந்தது. தட்டி, வராமல் போனால்?

ஒரு தட்டுத் தட்டினேன். ஒன்றுமில்லை. இரண்டாவது. மூன்றாவதில் பாதத்தின் நடுவில் ஓர் எறும்பு ஊர்ந்தது. அப்புறம் பத்து. அப்புறம் கால் முழுக்கக் குறுகுறுவென்று ஒரு படையே ஏறியது, தாங்க முடியாத அளவுக்கு. நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சிரித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் நூல் கண்டோடு ஓடிவந்தார். "இன்னாச்சு?"

"காலு மரத்துப்போச்சுங்க."

நூல் கண்டு அவர் கையிலிருந்து விழுந்து உருண்டது.

"தறியில உக்காந்துதாங்க," என்றேன். "மூணே தட்டுல வந்துடுச்சு."